தேயாமல் முதிரும் டயர்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் அதன் டயரை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். குனிந்து பார்ப்பர்; டயரின் வரிப்பள்ளங்களில் விரல் நுனியை விட்டு ஆழம் பார்ப்பர்; பின்னர் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இன்னும் இரண்டு வருடம் ஓடும்" என்று தீர்ப்புக் கூறுவர். நாமும் பல காலம் இவ்வாறு தீர்ப்புக் கூறி வந்தவர்கள்தாம்.

சென்ற மாதம் வடமராட்சியிலுள்ள நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தம் தந்தையார் காலத்து மொறிஸ் மைனர் கார் ஒன்றைக் கண்ணின் மணிபோற் காத்து வருகிறார். பெற்றோல் கிடையாத யுத்த காலத்தையும் மண்ணெண்ணெயின் துணையோடு தாண்டி வந்த இத்தகைய பழைய கார்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்றும் உண்டு. நண்பரின் கார் திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மாத்திரமே கொட்டகையை விட்டு வெளியே வரும். அன்று அதைத் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய மகன், பல்கலைக்கழக மாணவன், எம்மை அருகில் அழைத்து, "பாருங்கள் மாமா, இந்த டயர்களைப் போட்டு எத்தனையோ வருடம், பள்ளம் சிறிதும் குறையவில்லை" என்று பெருமையோடு காட்டினான்.

"எத்தனை வருடம், தம்பி?" என்று கேட்டோம்.

அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே சென்று தந்தையாரைக் கேட்டான், அவருக்கும் தெரியவில்லை. கார் வாங்கிய நாளையும் நட்சத்திரத்தையும் கூறக்கூடிய அந்த வீட்டில் டயரின் வயதைக் கூற ஒருவரும் இருக்கவில்லை. இவ்வாரம் இதனையே எழுதலாம் என்று அங்கேயே எண்ணிக்கொண்டோம்.

டயரின் பள்ளம், அது எவ்வளவு தூரம் ஓடியது என்பதைக் கூறும். எவ்வளவு காலம் இருந்தது என்பதைக் கூறாது. இவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள். நாள்தோறும் ஓடும் வாடகைக் காரில் முதற்கணக்கே முந்திக்கொள்ளும். முதுமை எட்டிப்பார்க்கும் முன்னரே டயர் தேய்ந்து கழற்றப்பட்டுவிடும். கொட்டகையிற் போற்றிக் காக்கப்படும் காரிலோ டயர் தேய்வதே இல்லை. ஆதலால் அதை மாற்றவேண்டும் என்ற எண்ணமும் எவருக்கும் தோன்றுவதில்லை. எந்தக் காரை நாம் மிக அருமையாகப் பேணுகிறோமோ அந்தக் காரே மிகக் கிழப்பருவம் எய்திய டயர்களின்மேல் நிற்கிறது. மொறிஸ் மைனராயின் மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் அதை ஓட்டுவார் எவருமிலர் என்று ஆறுதல் கொள்ளலாம். உலகிலேயே அதிவேகமாகச் செல்லவல்ல கார்களும் பெரும்பாலும் இவ்வாறு கொட்டகையிற் கிடப்பனவே என்பதுதான் எம்மைச் சிந்திக்க வைத்தது.

நண்பரின் மகன் வேகக் கார்ப் படங்களில் மோகம் கொண்டவன். "பாஸ்ட் அன்ட் பியூரியஸ்" படங்களைப் பலமுறை பார்த்தவன். அவற்றில் நடித்த பால் வோக்கர் எவ்வாறு இறந்தார் என்று அவனிடம் கேட்டோம். "கார் விபத்தில்" என்றான். அவ்விபத்தில் டயரின் பேச்சும் அடிபட்டது என்பதை அவன் அறிந்திருக்கவில்லை.

2013ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆந் திகதி, சனிக்கிழமை. பிலிப்பைன்ஸ் தீவுகளைப் புயல் சூறையாடிய சில வாரங்களின் பின், அந்நாட்டு மக்களுக்கு உதவும்பொருட்டுக் கலிபோர்ணியாவின் சாந்தா கிளரிற்றா நகரில் நிதி திரட்டும் வைபவம் ஒன்று நடைபெற்றது. அங்கிருந்து வோக்கரும் அவருடைய நண்பரும் போர்ஷே கரேரா ஜீ.டி. என்னும் காரிற் சிறிது தூரம் சென்றுவரப் புறப்பட்டனர். காரை ஓட்டியவர் நண்பர். கார்ப் பந்தயங்களிற் பழகியவர். மணிக்கு 45 மைல் வேகமே அனுமதிக்கப்பட்ட வீதி அது. கார் கட்டுமீறி விளக்குக் கம்பத்திலும் மரங்களிலும் மோதித் தீப்பற்றியது. இருவரும் உயிரிழந்தனர்.

விசாரணை முடிவுகள் 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியாயின. கார் மணிக்கு 80 மைலுக்கும் 93 மைலுக்கும் இடைப்பட்ட வேகத்திற் சென்றதென்றும், அவ்வேகமே விபத்தின் காரணமென்றும் பொலிசார் முடிவு செய்தனர். இயந்திரக் கோளாறு எதனையும் அவர்கள் காணவில்லை. எனினும் அவர்கள் இன்னொன்றையும் குறித்து வைத்தனர். 2005ஆம் ஆண்டின் அக்காரில் இருந்த டயர்கள் ஒன்பது ஆண்டு வயதானவை. அந்த முதுமை காரின் கட்டுப்பாட்டைக் குறைத்திருக்கக்கூடும் என்பதே அது.

இதை வாசித்துவிட்டு, "டயர்தான் கொன்றது" என்று கூறுவது நேர்மையாகாது. 45 மைல் வீதியில் 90 மைல் வேகம் சென்றவர்களைப் புதிய டயர் காத்திருக்கும் என்று எவராலும் உறுதி கூறமுடியாது. ஆனால் வேகம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட்டு டயரை மறந்துவிடுவதும் எமக்கு ஒப்பில்லை. ஏனெனில் அந்தக் காரின் தன்மை அத்தகையது. பத்துச் சிலிண்டர், 5.7 லீற்றர் இயந்திரம், 612 குதிரைவலு. மொத்தம் 1,270 கார்களே செய்யப்பட்டன. இன்று சாதாரண குடும்பக் கார்களிற்கூடக் காணப்படும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, அதாவது கார் வழுக்கத் தொடங்கும்போது ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே தடுத்து நேராக்கும் ஏற்பாடு, அதில் இல்லை. சாரதியின் கைக்கும் வீதிக்கும் இடையே இருந்தவை நான்கு டயர்களே. ஒரு டயர் வீதியைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. அத்தகைய அகன்ற டயர்களாயின் சிறிது கூடலாம். நாலு உள்ளங்கைகளில் 612 குதிரைகள்!

நிற்க. டயர் ஏன் முதிர்கிறது என்பதை இனிப் பார்ப்போம்.

இறப்பரைப் பற்றி இலங்கையர்க்கு அதிகம் கூறவேண்டியதில்லை. 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த நாற்றுக்கள் கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டதிலிருந்து அம்மரத்தோடு நமக்கு உறவுண்டு. மரத்திலிருந்து வரும் பால் உறைந்தால் அது வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839ஆம் ஆண்டிற் சார்ள்ஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் அதனைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியுள்ளதாக்கும் வழியைக் கண்டார். வல்கனைசுப்படுத்தல் என்று மாணவர் படிக்கும் செயல்முறை இதுவே. நூலிழைகள்போல் நீண்டு கிடக்கும் இறப்பர் மூலக்கூறுகளைக் கந்தகம் ஆங்காங்கே குறுக்கே முடிச்சிட்டு இணைக்கிறது. முடிச்சு இல்லையேல் இறப்பர் பிசுபிசுத்துப் போகும். முடிச்சு மிகுந்தால் அது கட்டையாகிவிடும். நல்ல டயர் என்பது இவ்விரண்டுக்கும் நடுவே, ஓர் அளவில் நிறுத்தப்பட்ட பொருள்.

நிறுத்தப்பட்ட அந்த அளவில் அது நிலைத்து நிற்பதில்லை என்பதே இங்கு வரும் தொல்லை. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாள்முதல் காற்றிலுள்ள ஒட்சிசன் இறப்பரோடு சேர்ந்து புதிய முடிச்சுக்களை இட்டுக்கொண்டேயிருக்கும். சில இழைகளை அறுத்துக்கொண்டுமிருக்கும். ஓசோன் வாயு மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புக்களை உண்டாக்கும். இறப்பரை இளக்கமாக வைத்திருப்பதற்காகச் சேர்க்கப்பட்ட எண்ணெய்கள் மெல்ல வெளியேறும். மேசை லாச்சியில் மறந்துபோய்க் கிடந்த இறப்பர் வளையம் ஒன்றை எடுத்து இழுத்துப் பாருங்கள், படாரென்று அறும். அதை எவரும் பாவிக்கவில்லை. ஆனால் காலம் அதைப் பாவித்துவிட்டது. டயர் செய்வோர் இதனை அறியாதவரல்லர். ஓசோனைத் தடுக்கும் மெழுகையும் வேறு இரசாயனப் பொருள்களையும் கலவையிற் சேர்க்கின்றனர். இவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து கவசம்போற் படியும். ஆனால் டயர் உருண்டு வளைந்து நெளியும்போதே அப்படி நன்றாக வெளிப்படும். ஓடாமல் நிற்கும் காரின் டயருக்கு அந்தக் கவசமும் குறைவு. ஓய்வு கொடுத்தால் நீடித்து உழைக்கும் என்று நாம் நினைப்பது இங்கே தலைகீழாகிவிடுகிறது.

முதிர்ந்த டயர் ஏன் வீதியைப் பற்றுவதில்லை? தார் வீதி நம் கண்ணுக்குச் சமமாகத் தோன்றினாலும் அது சிறு சிறு கல்முனைகளின் காடு. இளமையான இறப்பர் ஒவ்வொரு முனையையும் தழுவிக்கொண்டு, பள்ளங்களுள் இறங்கி, வெளியேறும்போது சிறிது தாமதித்து விடும். அந்தத் தாமதத்தில் உண்டாகும் இழுவை பிடிப்பின் ஒரு பகுதி. எஞ்சியது இறப்பரும் கல்லும் மூலக்கூறளவில் ஒட்டிக்கொள்வதால் வருவது. கடினப்பட்ட இறப்பர் முனைகளின் தலையை மாத்திரம் தொட்டுக்கொண்டு மேலே செல்லும். உலர்ந்த வீதியில், நிதானமான ஓட்டத்தில், சாரதி இவ்வேறுபாட்டை உணரமாட்டார். மழைநீர் நடுவே புகுந்து ஒட்டுதலைக் குறைக்கும்போதுதான், அல்லது திடீரென்று பிரேக்கை அழுத்தும்போதுதான், இல்லாத பிடிப்பு இல்லையென்று தெரியவரும். அவ்வேளையில் தெரிந்து ஆவதென்ன?

வேகக் கார்களின் டயரில் இது மும்மடங்கு முக்கியமாகிறது. குடும்பக் காரின் டயர் நீடித்து உழைப்பதற்காகச் செய்யப்படுவது. முதலிலிருந்தே அது சற்று மிதமான பிடிப்புடையது. வேகக் காரின் டயரோ பிடிப்பு ஒன்றையே குறியாகக் கொண்டு, மென்மையான செயற்கை இறப்பரோடு சிலிக்காத் தூளும் பிசினும் சேர்த்து ஆக்கப்படுவது. மரத்திலிருந்து வரும் நமது இறப்பருக்கு அதன் மேற்றோலிற் பங்கு குறைவு. அத்தகைய டயர் ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தாலே விறைத்துப் பிடிப்பை இழக்கத் தொடங்கும் என்பர். கடும் ஓட்டத்திற் சூடாகி, நின்று குளிர்ந்து, மறுபடி சூடாகும் ஒவ்வொரு முறையும் அது சிறிது கடினமாகிறது. கார் வடிவமைத்தவர் சில்லுத் தொங்கலையும் பிரேக்கையும் அந்தப் புதிய டயரின் பிடிப்பை நம்பியே கணக்கிட்டார். பிடிப்புக் குறைந்தபின் இயந்திரத்தின் வலு மட்டும் குறையாமல் நிற்கிறது. மொறிஸ் மைனர் தன் டயரிடம் கேட்பது சிறு கடன், கரேரா ஜீ.டி. கேட்பது டயரின் முழு ஆஸ்தியையும்.

ஒரே காரில் டயர் மாத்திரம் மாறினால் எவ்வளவு மாற்றம் உண்டாகும் என்பதற்கு அதே காரே சாட்சி கூறுகிறது. ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் பந்தயப் பாதையின் வட சுற்றை, அந்தக் கார் புதிதாக வந்த 2004ஆம் ஆண்டில், பெயர்பெற்ற ஓட்டுநரான வால்ற்றர் றோல் 7 நிமிடம் 28 வினாடியளவில் ஓடி முடித்தார். இருபது ஆண்டுகளின் பின், 2024இல், மிச்செலின் நிறுவனம் அதே காருக்கென்று புதிதாக ஆக்கிய டயர்களோடு யோர்க் பேர்க்மைஸ்ற்றர் 7 நிமிடம் 12 வினாடியளவில் ஓடினார். பதினாறு வினாடி குறைவு! இது டயரின் வயதைப் பற்றிய பரிசோதனையன்று. இறப்பர்க் கலவை இருபது ஆண்டில் முன்னேறியதையே இது முக்கியமாகக் காட்டுகிறது. ஆயினும் இருபது வயதான காரொன்று தன் இளமைக்காலத்து வேகத்தை மிஞ்ச வேண்டுமாயின் முதலில் எதை மாற்றவேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பிடிப்புக் குறைவது டயரின் முதுமையில் ஒரு பாதி. மற்றப் பாதி இதனினும் கொடியது. அது டயரின் உள்ளே நடப்பது. டயரின் மேற்றோலுக்குக் கீழே உருக்குக் கம்பிகளாலான பட்டைகள் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்திருப்பதும் இறப்பரே. டயருக்குள் அடைக்கப்பட்ட காற்று அமுக்கத்தினால் மெல்ல மெல்ல இறப்பரினூடே வெளியே கசியும்போது, அதிலுள்ள ஒட்சிசன் பட்டைகளுக்கு இடையேயுள்ள இறப்பரையும் கடினமாக்குகிறது. வெளியே ஒரு வெடிப்பும் இல்லாத டயர் உள்ளே பிணைப்புத் தளர்ந்திருக்கலாம். அத்தகையது வேகத்திற் சூடேறும்போது மேற்றோல் முழுவதும் உரிந்து பறக்கும். இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்கும் கண் எந்தக் கராஜ் மேஸ்திரிக்கும் கிடையாது.

இங்கிலாந்தில் ஒரு தாய் இதனைக் கற்றுக்கொண்ட விதம் கொடியது. 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், வைற் தீவில் நடந்த இசைவிழாவுக்குச் சென்றிருந்த இளைஞர்கள் லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பஸ் வண்டி, சறே மாகாணத்தில் வீதியை விட்டு விலகி மரத்தில் மோதியது. அவருடைய பதினெட்டு வயது மகனும், மற்றோர் இளம் பெண்ணும், சாரதியும் இறந்தனர். முன்சில்லின் டயர் வெடித்ததே காரணம். அந்த டயருக்கு வயது பத்தொன்பதரை. அதாவது, அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன்னரே செய்யப்பட்ட டயர் அது. சட்டத்தை எவரும் மீறவில்லை. பள்ளத்தின் ஆழத்துக்குச் சட்டம் இருந்தது. வயதுக்குச் சட்டம் இருக்கவில்லை. அத்தாய் பல ஆண்டுகள் விடாது போராடினார். 2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முதலாந் திகதியிலிருந்து, பத்து ஆண்டைக் கடந்த டயர்களைப் பஸ்களினதும் லொறிகளினதும் முன்சில்லுகளிற் பூட்டுவது பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டது. தனிக் கார்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. வேகக் கார் உடையவன் தன் டயரின் வயதுக்குத் தானே சட்டமாக இருக்கவேண்டியவனாகிறான்.

வெப்பம் இவை யாவற்றையும் விரைவுபடுத்தும். வெப்பநிலை பத்துப் பாகை உயர, இரசாயனத் தாக்கங்கள் பலவற்றின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்ற பழைய விதியை மாணவர் நினைவுகூர்வர். அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்புத் திணைக்களம் 2007இல் அந்நாட்டுக் காங்கிரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கையில் ஒரு கணக்குண்டு. ஒரு காப்புறுதி நிறுவனத்தின் வாடிக்கையாளரில் நூற்றுக்கு 27 பேரே ரெக்சஸ், கலிபோர்ணியா, லூசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து வெப்ப மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்; ஆனால் டயர் பழுதால் எழுந்த கோரிக்கைகளில் நூற்றுக்கு 77 அங்கிருந்தே வந்தன. அவற்றுள் நூற்றுக்கு 84 ஆறு வயதைக் கடந்த டயர்கள். அரிசோனாவின் பீனிக்ஸ் நகரிற் பாவனையிலிருந்த டயர்களைச் சேகரித்து அறுத்து ஆராய்ந்தபோது, பின்பெட்டியில் ஓடாமற் கிடந்த மேலதிக டயரும் முதுமையடைவதைக் கண்டனர். பீனிக்ஸ் வெயிலுக்கும் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலுக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் நமது வெயில் ஆண்டு முழுவதும் ஓயாதது என்பதையும் எண்ணவேண்டும்.

டயரின் வயதை அறிவது சோதிடம் பார்ப்பதிலும் எளிது. பக்கச் சுவரில் டி.ஓ.ரீ. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களோடு தொடங்கும் ஒரு வரிசை உண்டு. அதன் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2315 என்றிருந்தால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். முழு வரிசையும் டயரின் ஒரு பக்கத்தில் மாத்திரமே இருப்பதுண்டு. அந்தப் பக்கம் உள்நோக்கிப் பூட்டப்பட்டிருந்தால் காரின் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். உடுப்பு அழுக்காகும் என்று விட்டுவிடக்கூடாது.

எத்தனை வயதில் மாற்றுவது என்பதில் உலகம் ஒருமித்துக் கூறவில்லை. ஐந்து வயதுக்குப் பின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டும்படியும், பத்து வயதில் பள்ளம் எவ்வாறிருப்பினும் கழற்றிவிடும்படியும் டயர் செய்யும் பெரிய நிறுவனங்கள் கூறுகின்றன. கார் செய்வோர் சிலர் ஆறு வயது என்கின்றனர். ஜேர்மனியில் இழுவைவண்டி பூட்டிய கார் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்திற் செல்ல அனுமதி பெறவேண்டுமாயின் அவ்விழுவைவண்டியின் டயர் ஆறு வயதுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். "இவையெல்லாம் டயர் விற்கும் தந்திரம்" என்று கூறுவோரை நாம் அறிவோம். முற்றிலும் பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது. குளிர்ந்த இருட்டறையில், காற்றமுக்கமும் பாரமும் இன்றி வைக்கப்பட்ட டயர் மெதுவாகவே முதிர்கிறது. கடையில் இரண்டு ஆண்டு இருந்த டயரைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் வேகத்துக்கென்று ஆக்கப்பட்ட மென்மையான டயராயின், ஆறு வயதுக்கு மேல் அதனை அதன் முழு வேகத்தில் நம்பவேண்டாம் என்பதே எமது கருத்து. பத்து வயதென்றால் விவாதத்துக்கே இடமில்லை.

பாவித்த டயர் வாங்குவோர் மிகக் கவனமாயிருத்தல் நன்று. பிற தேசங்களில் கழற்றியவை நம் நாட்டுக் கடைகளிற் கருமை பூசப்பட்டு மினுங்கிக்கொண்டிருக்கின்றன. மாப்பிள்ளையின் தலைமைக்குத் துணையாவது போன்றதே இந்த மையும். பள்ளத்தைப் பார்க்குமுன் இலக்கத்தைப் பாருங்கள். பணமுடையால் இரண்டு புதிய டயரே வாங்க முடியுமாயின் அவற்றைப் பின்சில்லுகளிற் பூட்டுவது நலம். முன்சில்லு வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்சில்லு வழுக்கினால் கார் சுழன்றுவிடும். இன்னொன்று: பழைய டயரைக் கிணற்றடி மோட்டர் அருகே வைப்பது பல வீடுகளில் வழக்கம். மின்மோட்டரிலிருந்து எழும் தீப்பொறி ஓசோனை உண்டாக்கும். இறப்பருக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

2022ஆம் ஆண்டில் எரிபொருள் கிடையாது வரிசையில் நின்ற நாள்களில், எத்தனையோ கார்கள் மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றன. டயரின் ஒரே பகுதி பாரத்தைத் தாங்கித் தட்டையானது. அந்த டயர்களிற் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றின் வயதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அன்று நண்பரின் கொட்டகையில் நாமும் அந்தப் பிள்ளையும் கைவிளக்கோடு நிலத்தில் அமர்ந்தோம். முன்சில்லுகள் இரண்டிலும் 4109, பின்சில்லுகளில் 1211. அவன் விரல்விட்டு எண்ணினான், பிறகு பேசவில்லை. பின்பெட்டியைத் திறந்து ஸ்பெயார் டயரை வெளியே எடுத்தோம். பள்ளம் சிறிதும் குறையாதது, இலக்கமோ மூன்றே. 348, அதன் அருகே ஒரு சிறு முக்கோணம். நான்கு இலக்கமுறை வந்தது 2000ஆம் ஆண்டில். முக்கோணம் அதற்கு முந்திய பத்தாண்டைக் குறிக்கும். ஆகவே அது 1998ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்து டயர்.

"நான் பிறப்பதற்கு முன்பு" என்றான் பிள்ளை.

தந்தையார் ஐந்துக்கும் சேர்த்து விலை விசாரிப்பதாக ஒப்புக்கொண்டார். பழைய ஸ்பெயாரைப் பூச்செடி வைக்கக் கேட்டார் வீட்டு அம்மா. அதில் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு குடியேறும் என்பதால், அடியில் நான்கு துளை போட்டே அவரிடம் கொடுத்து வந்தோம்.